சாலை வேலை தொடங்கும் முன் அரிய காட்டுச் செடிகளை இடம் மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

செங்காந்தள் கொடி மண்ணுக்கு மேலே தெரிவது ஆண்டில் பாதி நாள்தான். மழையோடு முளைக்கும், பூக்கும், காய்க்கும்; தை, மாசிக்குள் கொடி காய்ந்து உதிர்ந்துவிடும். அதன் கிழங்கைச் சேதமில்லாமல் எடுக்கக்கூடிய காலம் கொடி காய்ந்த பிறகுதான் தொடங்குகிறது. அதாவது, செடி கண்ணுக்குத் தெரியும்போது தோண்டக் கூடாது. தோண்டலாம் என்னும்போது செடி கண்ணுக்குத் தெரியாது. சாலை ஒப்பந்தக்காரரின் அட்டவணைக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஜே.சி.பி. வருவதற்கு இரண்டு வாரம் முன்பு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் செடிகளைப் பிடுங்கி வேறிடத்தில் நடும் வேலைகளில் பெரும்பாலானவை தோற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆகவே குறைந்தது 12 மாதம், முடிந்தால் 18 மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். தமிழ்நாட்டின் சமவெளிப் புதர்க்காடுகள், மலையடிவாரங்கள், பழைய நெடுஞ்சாலை மரங்கள் ஆகியவற்றில் வாழும் செடிகளை மனதில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளுக்கு இதில் சொல்லும் முறை மட்டும் போதாது.

முதல் கேள்வி: சாலை நகருமா?

செடியை நகர்த்துவது கடைசி வழி. 249 தாவர இனங்களை மறுநடவு செய்த முயற்சிகளைத் தொகுத்து 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. நட்டவற்றில் சராசரியாக 52 விழுக்காடு உயிர் பிழைத்தன; 19 விழுக்காடு பூத்தன; 16 விழுக்காடுதான் காய்த்தன. திட்டமிட்டு, நிபுணர்கள் மேற்பார்வையில் செய்த வேலைகளின் கணக்கு இது. அவசரத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

அதனால் வரைபடம் கையில் கிடைத்ததும் பொறியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, ‘இந்த 40 மீட்டர் நீளத்துக்கு மட்டும் வடிகாலை மறுபக்கம் கொண்டுபோக முடியுமா?’ என்பதுதான். சரிவாக மண்ணை வெட்டுவதற்குப் பதில் தடுப்புச்சுவர் கட்டினால் மலையோரத்தில் பல மீட்டர் அகலம் மிச்சமாகும். ஜல்லி கொட்டுமிடம், தொழிலாளர் கூடாரம், மாற்றுப்பாதை, கிராவல் எடுக்கும் குழி ஆகியவற்றை இடம் மாற்றுவதில் செலவு பெரிதாக அதிகரிக்காது. தார் விழும் பரப்பைவிட இவற்றால் அழியும் பரப்பு பல இடங்களில் அதிகம். ஆனால் சாலை வரைபடத்தில் இவை இருக்காது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அனுமதியும் காகிதங்களும்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் தாவரங்களுக்கென ஓர் அத்தியாயம் 1991 திருத்தத்தில் சேர்ந்தது. அதன் 17ஏ பிரிவு, பட்டியலில் உள்ள செடிகளை வன நிலத்திலிருந்தும் அறிவிக்கப்பட்ட பகுதிகளிலிருந்தும் பறிப்பதையும் பிடுங்குவதையும் தடை செய்கிறது. தொடக்கத்தில் ஆறாம் அட்டவணையாக இருந்த அந்தப் பட்டியலில் ஆறே பெயர்கள் இருந்தன. அவற்றில் நம் பக்கத்துக் காடுகளைத் தொட்டது, அகத்தியமலைக்கே உரிய ட்ரூரி ஆர்க்கிட் அடங்கிய லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் குழு. 2022 திருத்தம் பட்டியலை விரித்து மூன்றாம் அட்டவணையில் வைத்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. கையில் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆறாம் அட்டவணையைத் தேடாதீர்கள். பட்டியலிலுள்ள செடியை எடுக்க, 17பி பிரிவின்கீழ் மாநில அரசின் முன் ஒப்புதலோடு தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தர வேண்டும். அந்தப் பிரிவு அனுமதிக்கும் காரணங்கள் கல்வி, ஆராய்ச்சி, ஹெர்பேரியம் (உலர்செடித் தொகுப்பு), இனப்பெருக்கம் ஆகியவை மட்டுமே. எனவே விண்ணப்பத்தை ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து போடுவதே நடக்கக்கூடிய வழி. கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனமும் முதலில் கடிதம் எழுத வேண்டிய இடங்கள்.

காப்பாற்ற வேண்டிய செடிகளில் பெரும்பாலானவை இந்த அட்டவணையில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்.னின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ளதாகக் குறிக்கப்பட்ட மாகாளிக்கிழங்குக்கு அந்தப் பட்டியலால் மட்டும் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. ஆனால் நிலம் காப்புக்காடு என்றால் அங்கே ஒரு கிழங்கைத் தோண்டவும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வன நிலம் சாலைக்காக மாற்றப்படும்போது 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒன்றிய அரசின் ஒப்புதல் தேவை. ஒப்புதலோடு வரும் நிபந்தனைகளில் செடி இடமாற்றத்தையும் மூன்று ஆண்டுப் பராமரிப்பையும் எழுத வைத்துவிட்டால் அதற்குப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். பட்டா நிலம் என்றால் உரிமையாளரின் கையெழுத்துப் போதும். சாலையோர மரம் வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். மரத்தின்மேல் ஆர்க்கிட் இருக்கிறது என்ற தகவல் அந்தக் குழுவின் கூட்டத்துக்கு முன்பே அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி மிக முக்கியம்: குறிப்பிட்ட கிலோமீட்டரிலிருந்து குறிப்பிட்ட கிலோமீட்டர் வரை, செடி எடுக்கும் பணி முடிந்தது என்று எழுத்தில் தெரிவித்த பிறகே எந்த இயந்திரமும் இறங்க வேண்டும். ‘எந்த இயந்திரமும்’ என்பதை அழுத்திச் சொல்லக் காரணம், சாலை வேலைக்குப் பல மாதம் முன்பே மின்கம்பங்களையும் குடிநீர்க் குழாயையும் இடம் மாற்றும் வேலை நடக்கும். அது வேறு ஒப்பந்தம், வேறு ஆட்கள். செடிகள் பெருமளவு அழிவது அந்தக் கட்டத்தில்தான்.

கணக்கெடுப்பு: மூன்று பருவம், மூன்று நடை

ஒரே முறை நடந்து எடுத்த பட்டியலை நம்பாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இலையே இல்லாமல் தண்டு மட்டும் நீட்டிப் பூத்து நிற்கும் நரிவெங்காயத்தையும், இலைக்கு முன்னே பூவிடும் காட்டுக்கருணையையும் அப்போதுதான் இனம் காண முடியும். செங்காந்தளையும் செரோபீஜியா என்ற கிழங்குக் கொடியையும் ஆகஸ்ட், செப்டம்பரில் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழையில் முளைக்கும் ஓராண்டுச் செடிகளும், பூச்சி தின்னும் அழுகண்ணியும் நவம்பர் முதல் ஜனவரிக்குள் தெரியும்.

சாலைக்கு எடுத்த நிலம் முழுவதும், அதற்கு வெளியே இருபுறமும் பத்துப் பத்து மீட்டரும் நடக்க வேண்டும். ஆட்கள் நான்கு மீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்று மெதுவாக நடந்தால் புல்லுக்குள் இருக்கும், சதைப்பற்றான தண்டுள்ள கல்லிமுளையானும் கண்ணில் படும். முள்புதருக்குள் தலையை நுழைத்துப் பார்க்க வேண்டும். ஆடுகள் மேயும் இடங்களில் செரோபீஜியா மிஞ்சியிருப்பது காரை, சூரைப் புதர்களின் நடுவில்தான்.

அடையாளம் வைப்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். கைபேசி ஜி.பி.எஸ். மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தவறும். கொடி காய்ந்த பிறகு அந்த ஐந்து மீட்டர் வட்டத்துக்குள் எங்கே தோண்டுவீர்கள்? செடியிலிருந்து சரியாக 20 செ.மீ. வடக்கே, 30 செ.மீ. நீளக் கட்டடக் கம்பித் துண்டு ஒன்றைத் தரைமட்டம் வரை அடித்துவிடுங்கள். கம்பியில் அலுமினியத் தகட்டைக் கட்டி, எண்ணை ஆணியால் குத்தி எழுதுங்கள். பெயின்ட்டும் மார்க்கர் மையும் ஒரு கோடையைத் தாங்காது. கூடவே, சாலை எல்லைக்கு வெளியே இருக்கும் அசையாத இரண்டு இடங்களிலிருந்து, பாறை அல்லது வெட்டுவதற்கு எண் போடாத மரத்திலிருந்து, டேப்பால் தூரம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் கல்லும் மின்கம்பமும் உதவாது. முதலில் பிடுங்கப்படுபவை அவைதான். வண்ணக் கொடி நடவே கூடாது. மருந்துக்குக் கிழங்கு தோண்டி விற்பவர்களுக்கு அது வழிகாட்டும். இதே காரணத்தால் இடக் குறிப்புகளைச் சமூக ஊடகத்தில் போடுவதையும் தவிர்க்க வேண்டும்.

ஒவ்வொரு செடிக்கும் எண், இனம், பூவா காயா என்ற நிலை, சரிவு எந்தத் திசை பார்க்கிறது, நிழல் எவ்வளவு, மண் செம்மண்ணா சரளையா, பக்கத்தில் என்ன புதர், அளவுகோலோடு ஒரு படம் ஆகியவற்றைக் குறியுங்கள். சரிவின் திசையும் புதரும் நடும் நாளன்று கட்டாயம் தேவைப்படும்.

புது இடத்தைத் தேர்வு செய்தல்

நல்ல இடம் என்பது பழைய இடத்தைப் போலவே இருக்கும் இடம். வளமான தோட்ட மண் புதர்க்காட்டுக் கிழங்குகளுக்கு எமன். எளிய சோதனை ஒன்று செய்யலாம்: இரண்டு இடத்திலும் ஓர் அடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வற்றியதும் மறுபடி நிரப்பி, இரண்டாம் முறை வற்றும் நேரத்தை ஒப்பிடுங்கள். பழைய இடத்தில் 20 நிமிடத்தில் வற்றும் தண்ணீர் புது இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றால், அங்கே கிழங்கு அழுகும்.

அந்த இனம் பக்கத்தில் ஏற்கெனவே இயல்பாக வளர்கிறது என்றால் அது நல்ல அறிகுறி. மண்ணிலுள்ள பூஞ்சைத் துணையும் மகரந்தம் கடத்தும் பூச்சிகளும் அங்கே இருக்கும் என்று நம்பலாம். செரோபீஜியாவுக்குக் குட்டி ஈக்கள் வேண்டும். அவை இல்லாத இடத்தில் செடி பூக்கும், காய்க்காது. ஆனாலும் இருக்கும் கூட்டத்துக்குள் திணிக்காமல் அதன் ஓரமாக நடுவதே சரி. அதே மலை, அதே ஓடையின் நீர்ப்பிடிப்புக்குள் இருந்தால் நல்லது. மூலனூர்ப் பக்கம் பயிராகும் கண்வலிக்கிழங்கை, அதாவது செங்காந்தளை, விலைக்கு வாங்கி நட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டும் யோசனை வந்தால் அதை அப்போதே மறுத்துவிடுங்கள். காட்டுச் செடியின் மரபுவளம் அந்த மலைக்கு உரியது. அதைக் கடையில் வாங்க முடியாது.

வருவாய்த்துறையிலும் நெடுஞ்சாலைத்துறையிலும் எதிர்கால நில எடுப்பு வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். இருவழிச் சாலைக்காக நகர்த்திய செடிகளை நான்குவழிச் சாலைக்காக மறுபடி நகர்த்தும் நிலை வரக் கூடாது. மின்கம்பிப் பாதையின் கீழ் நடாதீர்கள். கோடையில் தீ பிடிக்கும் புல்வெளியும் சீமைக்கருவேலம் சூழ்ந்த இடமும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நட வேண்டாம்: பாதியை முதல் இடத்திலும், கால் பங்கை இரண்டாம் இடத்திலும், மீதியை நாற்றங்காலிலோ தாவரவியல் பூங்காவிலோ வையுங்கள். ஆர்க்கிட் என்றால் ஏற்காட்டில் உள்ள தேசிய ஆர்க்கிடேரியம் இருக்கிறது.

கிழங்குகளை எடுத்தல்

இலை முற்றிலும் காய்ந்து மூன்று வாரம் கழித்துத் தோண்டுங்கள். செங்காந்தளுக்கு அது பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. மண் கல்லாக இறுகியிருந்தால் இரண்டு நாள் முன்பு, செடி இருந்த இடத்தைச் சுற்றி ஒரு முழ வட்டத்தில் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றிவைத்தால் மண் இளகும், சேறாகக் கூடாது.

செங்காந்தள் கிழங்குக்குக் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர் உண்டு. இரண்டு கையாக மடங்கி இருக்கும். முளை வருவது ஒவ்வொரு கையின் நுனியில் மட்டுமே. அந்த நுனி கடுகளவு உடைந்தாலும் அந்தக் கை முளைக்காது. உருளைக்கிழங்கைப் போல வெட்டிய துண்டு எதிலிருந்தும் முளைக்கும் என்று எண்ணித்தான் பலரும் கெடுத்துவிடுகிறார்கள். அதனால் மண்வெட்டியைச் செடியிலிருந்து 30 செ.மீ. தள்ளி மட்டுமே இறக்குங்கள். வட்டமாக 40 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, அங்கிருந்து உள்நோக்கி மூங்கில் குச்சியால் மண்ணைச் சுரண்டி எடுங்கள். கிழங்கு தட்டுப்பட்டதும் குச்சியையும் கீழே வைத்துவிட்டு விரலால் தள்ளுங்கள். தண்டு கிழங்கோடு சேரும் கழுத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கீழே கையைக் கொடுத்து, மண்ணோடு தூக்க வேண்டும். கையுறை போடுங்கள், வேலை முடியும்வரை வாயருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். கிழங்கில் உள்ள கோல்கிசின் உயிரைக் கொல்லும் நஞ்சு. நரிவெங்காயமும் காட்டுக்கருணையும் கையை அரிக்கும்.

எடுத்த கிழங்கைக் கழுவ வேண்டாம். நிழலில் மூன்று நாள் உலர்த்துங்கள். காயம் பட்டதை மட்டும் தனியாகப் பிரித்து, லிட்டருக்கு ஒரு கிராம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த நீரில் அரை மணி நேரம் வைத்து உலர்த்துங்கள். பிறகு உலர்ந்த ஆற்று மணல் நிரப்பிய மரப்பெட்டியில், ஒன்றையொன்று தொடாமல், எண் தகட்டோடு அடுக்குங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

நரிவெங்காயம் நினைப்பதைவிட ஆழத்தில் இருக்கும். சுருங்கும் வேர்களால் குமிழ் தன்னைத்தானே ஆண்டுதோறும் கீழே இழுத்துக்கொள்கிறது. எடுக்கும்போது மண்மட்டம் எங்கே இருந்தது என்று குமிழின் கழுத்தில் நூல் கட்டிவையுங்கள்; நடும்போது அந்த நூல் தரையோடு நிற்க வேண்டும்.

மாகாளிக்கிழங்கு வேறு கதை. அதன் வேர்க்கிழங்குகள் பாறை இடுக்குக்குள் ஓடியிருக்கும். முதிர்ந்த கொடியை முழுதாக எடுப்பது நடக்காத காரியம். அரைகுறையாக அறுத்து நட்டால் தளிர்விட்டு, ஒரு வருடத்தில் காய்ந்துவிடும். இளம் கொடிகளை மட்டும் எடுங்கள். பெரியவற்றிலிருந்து விதை சேகரியுங்கள். காய் வெடிக்கும் முன் துணிப்பை கட்டிவிட்டால் பஞ்சோடு பறந்துபோகாது. விதை நீண்ட நாள் தாங்காது என்பதால் சில வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும்.

புளியமரத்து ஆர்க்கிட்டுகள்

பழைய நெடுஞ்சாலைகளின் புளியமரங்களில் வாண்டா டெசல்லேட்டா என்ற ஆர்க்கிட் கொத்துக்கொத்தாக வாழ்கிறது. சாலை விரிவாக்கத்தில் மரம் ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் சில நாளில் வெட்டி ஏற்றிவிடுவார். எனவே ஆர்க்கிட் வேலையின் அட்டவணை மர ஏலத் தேதியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏலம் எடுத்தவரிடமே பேசி, கிளை கீழே இறங்கும் நாளில் அங்கே இருங்கள். பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள், அவர்களுக்கு வேண்டியது அடிமரம், ஆர்க்கிட் இருக்கும் சுள்ளிக் கிளைகள் இல்லை.

செடியைக் கிளையிலிருந்து உரிக்காதீர்கள். கிளையையே அறுங்கள். இந்த ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி வெலமென் என்ற பஞ்சுபோன்ற உறை இருக்கிறது. மழைநீரையும் பனியையும் உறிஞ்சுவது அதுதான். மரப்பட்டையில் அழுந்தி ஒட்டிய வேரை இழுத்தால் உறை பட்டையிலேயே தங்கிவிடும், உள்ளே இருக்கும் மெல்லிய நரம்பு மட்டும் கையோடு வரும். அந்த வேர் இனி குடிக்காது. எனவே வேர் ஓடியிருக்கும் நீளத்துக்கு இருபுறமும் ஒரு சாண் விட்டுக் கிளையை ரம்பத்தால் அறுங்கள். அடிமரத்தில் ஒட்டியிருந்தால், எப்படியும் விழப்போகும் மரம் என்பதால், உளியால் இரண்டு செ.மீ. கனத்துக்குப் பட்டையோடு பெயர்த்தெடுக்கலாம். முதல் நாள் மாலை வேரை நன்றாக நனைத்துவிடுங்கள். காய்ந்த வேர் வெள்ளையாக, தொட்டால் முறியும். நனைந்ததும் சில நிமிடத்தில் பச்சை நிறம் ஏறி வளைந்துகொடுக்கும். பச்சையானதும் வேலையைத் தொடங்கலாம்.

புது மரமாகச் சொரசொரப்பான, உதிராத பட்டை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்: புளி, மா, இலுப்பை, வேம்பு. பட்டை உரியும் யூகலிப்டஸ், கொய்யா, நீர்மருது வேண்டாம். பட்டை உரியும்போது ஆர்க்கிட்டும் விழும். அடுத்த வெட்டுக்காக எண் போட்ட மரமா என்று அடிமரத்தைச் சுற்றிப் பாருங்கள். பழைய மரத்தில் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில், மாலை வெயில் படாத வடக்கு அல்லது கிழக்குப் பக்கத்தில் கட்டுங்கள். குருத்தில் தண்ணீர் தேங்காதபடி செடி சற்று வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். கட்டுவதற்குத் தேங்காய் நார்க்கயிறுதான் சிறந்தது. புது வேர் பிடித்து முடிக்கும் வரை தாங்கி, பிறகு தானாக மக்கிவிடும். சணல் சீக்கிரம் இற்றுவிடும். செம்புக்கம்பி வேருக்கு நஞ்சு. நைலான் கயிறு மரம் பெருக்கப் பெருக்க இறுக்கும். காற்றில் ஆடாதபடி இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். ஆடும் செடியின் புதிய வேர்நுனி தேய்ந்து கருகிவிடும்.

கட்டுவதற்கு ஏற்ற காலம் மழை தொடங்கும் தருணம், பச்சை வேர்நுனிகள் புதிதாகத் தெரியும்போது. மரம் மார்ச்சில் விழுந்துவிட்டால் மழை வரை நிழல்வலைக்கடியில் தொங்கவிட்டு, காலையிலும் மாலையிலும் நீர் தெளியுங்கள். பூஞ்சைக்கொல்லியில் முக்கக் கூடாது. ஆர்க்கிட் வேரில் வாழும் பூஞ்சை அந்தச் செடியின் கூட்டாளி. அதன் விதை முளைப்பதே பூஞ்சையின் உதவியால்தான்.

கல்லிமுளையான், மதனகாமப்பூ

கல்லிமுளையான் பிழைப்பது எளிது, அழுகுவதும் எளிது. வேரோடு எடுத்து, நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, வெட்டுவாய் தோல் கட்டிய பிறகு நடுங்கள். நட்டுப் பத்து நாள் தண்ணீர் காட்டக் கூடாது. ஒவ்வொரு செடியிலும் இரண்டு தண்டுகளை உடைத்துத் தனியாக நாற்றங்காலில் வைத்தால் காப்பாகும்.

மதனகாமப்பூ, அதாவது சைக்கஸ் சர்சினாலிஸ், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் சாலைக்குப் பலியாகும் இனம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இரண்டையும் கலந்து, அருகருகே நட வேண்டும். இல்லையென்றால் விதையே பிடிக்காது. தண்டைச் சுற்றி 50 செ.மீ. விட்டு மண்பந்தோடு எடுங்கள். மண்மட்டத்துக்கு அருகே பவளம்போல் கிளைத்து மேல்நோக்கி வளரும் வேர்க்கொத்துகளைக் கண்டால் கத்தரிக்காதீர்கள். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தரும் நீலப்பச்சைப் பாசி அவற்றுக்குள் வாழ்கிறது. இலைகளில் மூன்றில் இரண்டு பங்கை நறுக்கிவிடுங்கள். குருத்து விடும் நேரத்தில் தொடாதீர்கள். பழைய மட்டத்தைவிட ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். அடியில் முளைத்திருக்கும் பக்கக் கன்றுகளை நாற்றங்காலுக்கு அனுப்புங்கள்.

நகராதவை

சந்தனம் பக்கத்து மரங்களின் வேரை உறிஞ்சி வாழ்வது. பெரிய மரத்தைப் பெயர்த்து நடுவது வீண். விதை எடுத்து, துணைச்செடியோடு வளர்க்க வேண்டும். சட்டச் சிக்கலும் தனி. அழுகண்ணி போன்ற குறுகிய ஆயுள் செடிகளைத் தொட்டு எடுப்பதில் பயனில்லை. விதை கொட்டிய பிறகு மேல்மண்ணை ஐந்து செ.மீ. கனத்துக்குச் சுரண்டி, அதே நாளில் அதே கனத்தில் புது இடத்தில் பரப்ப வேண்டும். குவித்துவைத்தால் உள்ளே சூடேறி விதை சாகும். பார்த்தீனியமோ உன்னிச்செடியோ இருந்த இடத்து மண்ணை எடுத்துப்போனால் அவற்றின் விதையையும் சேர்த்துத்தான் எடுத்துப்போவீர்கள். அப்படிப்பட்ட மண்ணை அங்கேயே விட்டுவிடுவது மேல்.

நடவும் தண்ணீரும்

குழிகள் முன்னரே தயாராக இருக்கட்டும். கல்லிமுளையான் தவிர, வேர் உள்ள செடிகள் எடுத்த 24 மணி நேரத்துக்குள் மண்ணுக்குள் போக வேண்டும். ஈரச்சாக்கில் சுற்றி, விடியற்காலையில், மூடிய வண்டியில் கொண்டுபோங்கள். குழியில் எருவோ யூரியாவோ வேண்டாம். தோண்டிய இடத்து மண்ணில் ஒரு சட்டி எடுத்துவந்து வேருக்குப் பக்கத்தில் போடுங்கள். செரோபீஜியாவைக் காரைப் புதருக்குள் எடுத்திருந்தால் காரைப் புதருக்குள்ளேயே நடுங்கள். ஆட்டிடமிருந்து காக்க அதைவிட நல்ல வேலி இல்லை.

உறங்கும் கிழங்குக்கு மழை வரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றக் கூடாது. இதைக் காவலாளிக்கும் தன்னார்வலர்களுக்கும் பலமுறை சொல்ல வேண்டும். வெறும் மண்ணைப் பார்த்து இரக்கப்பட்டு ஊற்றிய தண்ணீரால் அழுகிய கிழங்குகள் அதிகம். மதனகாமப்பூவுக்கு நேர்மாறு: முதல் மாதம் மூன்று நாளுக்கு ஒருமுறை பத்து லிட்டர், பிறகு வாரம் ஒருமுறை, இரண்டு கோடை முடியும்வரை. காட்டுப்பன்றி உள்ள இடத்தில் கிழங்குக்கு மேல் கம்பிவலை விரித்து, அதன்மேல் மண் மூடுங்கள். கண்ணி விரலளவு இருந்தால் முளை தடையின்றி வரும்.

எண்ணிக்கை எடுக்கும் முறை

நட்டு ஒரு மாதம், மூன்று மாதம், அதன்பின் ஒவ்வொரு பூப்பருவம் என்று குறைந்தது ஐந்து ஆண்டு போய்ப் பார்க்க வேண்டும். ஆண்டு அறிக்கையில் உயிரோடு இருப்பவற்றின் எண்ணிக்கையை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பூத்தவை எத்தனை, காய்த்தவை எத்தனை, சுற்றிலும் புது நாற்று முளைத்ததா என்று தனித்தனிப் பத்தி வேண்டும். நட்ட கிழங்கில் சேர்த்துவைத்த சத்தே ஓரிரு ஆண்டு செடியைத் தாங்கும். முதல் ஆண்டுப் பசுமையை வெற்றி என்று அறிவித்துவிட்டுப் பணத்தை நிறுத்தினால் மூன்றாம் ஆண்டு இழப்பு யார் கண்ணுக்கும் தெரியாமல் போகும்.

கிழங்குச் செடி ஒரு பருவம் முழுக்க மண்ணுக்குள்ளேயே இருந்துவிடுவது உண்டு. அதனால் முளைக்காததை உடனே ‘இறந்தது’ என்று எழுதாமல் ‘காணவில்லை’ என்று எழுதுங்கள்; தொடர்ந்து இரண்டு பருவம் வராவிட்டால் மட்டும் மாற்றுங்கள். முளைத்ததா என்று தோண்டிப் பார்க்கும் ஆசைக்கு இடம்கொடுக்காதீர்கள். புது இடத்துக்கு அருகே இயல்பாக வளரும் அதே இனத்தில் பத்துச் செடிகளுக்கும் எண் போட்டுக் கூடவே கணக்கெடுங்கள். வறட்சி ஆண்டில் அவையும் பூக்கவில்லை என்றால் குறை உங்கள் நடவில் இல்லை. அவை பூத்து, நீங்கள் நட்டவை மட்டும் பூக்கவில்லை என்றால் நிழல், வடிகால், ஆழம் என்ற வரிசையில் சரிபாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றாக இருக்கும். தோற்ற செடிகளின் எண்களையும் காரணத்தையும் வனத்துறைக்கும் துணைநின்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அடுத்த சாலைக்கு வேலை செய்யப்போகிறவர்கள் கேட்கும் முதல் தகவல் அதுதான்.